மூன்று வாரமும் ஒரு மாதச் சந்தாவும்: டூர் டி பிரான்ஸ் நேரடி ஒளிபரப்பைக் கல்லடியில் இருந்து பார்த்த அனுபவம்

2025 ஜூலை 5ஆம் திகதி வட பிரான்சின் லீல் நகரத்தில் தொடங்கி 27ஆம் திகதி பாரிசில் முடிந்த டூர் டி பிரான்ஸ் துவிச்சக்கரவண்டிப் போட்டியை, மட்டக்களப்பு கல்லடியில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, வெளிநாட்டு இணையவழி ஒளிபரப்புச் சேவை ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டி, ஏறக்குறைய முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். கட்டிய பணத்துக்குக் கிடைத்தது என்ன என்பதை, அடுத்த வருடம் சந்தா கட்ட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். சேவையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவர்களுக்கும் எனக்கும் இடையில் ஒரு கணக்கு இன்னும் தீராமல் இருக்கிறது என்பது முதற் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் போட்டியின் படம் எந்த நாட்டில் பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்றேதான். மோட்டார் சைக்கிள்களில் இருந்தும் உலங்குவானூர்திகளில் இருந்தும் பிரான்சின் அரச தொலைக்காட்சி பிடித்து அனுப்புகின்ற படத்தை வாங்கி, அதன்மேல் தன் வர்ணனையையும் விளம்பரத்தையும் செயலியையும் பூசி ஒவ்வொரு சேவையும் விற்கிறது. ஆகவே நான் நிறுத்துப் பார்க்க வேண்டியது அந்தப் பூச்சைத்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பகுதியில் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில், பல வருடங்களாக நாளாந்தம் சைக்கிளில் போய்வந்தவன் நான். சைக்கிள் என்றால் எனக்குக் கரியரில் கட்டிய கொப்பிக் கட்டும், மழைக்காலத்தில் முழங்கால் வரை தெறிக்கும் சேறும், காற்றுப் போன ரியூப்பை உருவி வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி தேடுவதும்தான். பந்தயச் சைக்கிளில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. சென்ற வருடம் தங்கையின் மகன் தன் கைப்பேசியில் ஒரு மலைக் கட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைக் காட்டினான். அதற்கு முந்திய நான்கு மணித்தியாலங்களில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நான்கு மணித்தியாலங்களைப் பார்ப்பதற்காகவே இந்த வருடம் பணம் கட்டினேன்.

போட்டியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 23 அணிகள், அணிக்கு 8 பேர், மொத்தம் 184 பேர். நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்கள், இடையில் இரண்டு ஓய்வு நாட்கள், மொத்த ஓட்டம் 3,300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும் ஒருவர் அந்த நாளின் கட்டத்தை வெல்வார். எல்லா நாட்களிலும் எடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து, யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவரே மஞ்சள் ஆடையைப் போடுவார். 1903இல் லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடக்கிய போட்டி இது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகியது; 1919இல் அறிமுகமான தலைவரின் ஆடைக்கும் அதே நிறம் அமைந்தது. இம்முறை ஸ்லோவேனியா நாட்டு வீரர் டடேய் பொகாச்சர் நான்காவது தடவையாக வென்றார். அவர் எடுத்த நேரம் 76 மணித்தியாலம் 0 நிமிடம் 32 செக்கன். இரண்டாவதாக வந்த டென்மார்க்கின் யோனஸ் விங்ககோ அவரைவிட 4 நிமிடம் 24 செக்கன் பின்னால். எழுபத்தாறு மணித்தியால ஓட்டத்தில் நாலரை நிமிடத்துக்கும் குறைந்த வித்தியாசம் என்றால், அந்த நாலரை நிமிடம் எங்கே எப்படிப் பிரிந்தது என்பதைத் தேடிப் பார்ப்பதுதான் இந்தப் போட்டியைப் பார்ப்பது. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் காட்டும் தொகுப்புக் காணொளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் வாங்கும் சேவை எதை விற்கிறது என்றால், ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும் அந்த நீண்ட நேரத்தைத்தான். அதைச் சிதைக்காமல் தருகிறதா என்பது ஒன்றே என்னுடைய அளவுகோல்.

நேரம் எங்களுக்கு வசதியானது. கோடை காலத்தில் பிரான்சுக்கும் எங்களுக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். அங்கே மதியம் தாண்டித் தொடங்கும் கட்டம் இங்கே நாலரை மணிவாக்கில், பின்னேரத் தேநீரோடு தொடங்கி, இராச் சாப்பாட்டு நேரத்தில் முடியும். ஆனால் சேவையின் செயலியோ நிகழ்ச்சி அட்டவணையைத் தன் ஊர் நேரத்திலேயே காட்டியது. நாட்டை இலங்கை என்று தெரிவு செய்து வைத்தபின்பும் அது மாறவில்லை. முதல் இரண்டு நாட்களும் கையால் கணக்குப் பார்த்தேன். பிறகு ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

முதல் நாளே என்னை இழுத்துப் பிடித்தது. லீல் நகரைச் சுற்றிய சமதரைக் கட்டம் அது. எங்கள் ஊரைப் போலத் தட்டையான வெளி, மேடு என்று சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. கடைசி 20 கிலோமீற்றருக்குள் பக்கவாட்டில் காற்று அடித்தது. அந்தத் தருணத்தில் விங்ககோவின் அணி முழுவதும் முன்னுக்கு வந்து, வீதியின் ஒரு கரையில் இருந்து மறு கரைவரை சாய்வாக விசிறிபோல விரிந்து, மிதிக்கத் தொடங்கியது. காற்று வரும் பக்கத்தில் ஒருவர் ஓட, அவருடைய மறைவில் அடுத்தவர், அவருடைய மறைவில் இன்னொருவர் என்று வரிசை சாயும். வீதியின் அகலம் முடிந்ததும் மறைவும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருபவருக்கு ஒதுங்க இடம் இல்லை. ஓரத்துக் கல்லில் ரயர் உரச, தனியே காற்றை வாங்கிக்கொண்டு மிதிக்கவேண்டியதுதான். ஒரு நிமிடத்துக்குள் கூட்டம் இரண்டாக அறுந்தது. பொகாச்சரும் விங்ககோவும் முன் துண்டில் இருந்தார்கள். அவர்களுக்குப் போட்டியாகக் கருதப்பட்ட ரெம்கோ எவனபூலும் பிரிமோஷ் ரோக்லிச்சும் பின் துண்டில் அகப்பட்டு அன்றைக்கே 39 செக்கன் இழந்தார்கள்.

இதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. ஜூலை மாதத்தில் கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்த எவருக்கும் கச்சான் காற்று என்றால் என்னவென்று தெரியும். வாவிப் பக்கத்தில் இருந்து அது வந்து அறையும்போது ஹான்டில் தானாகத் திரும்பும். சேட்டு ஒரு பக்கமாகப் பொங்கும். அந்த நேரத்தில் மீன் பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று முன்னால் போனால், மணத்தைப் பொறுத்துக்கொண்டு அதன் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு போவோம். அந்த மீன்காரரும் நாங்கள் அப்படி வருவதை அறிவார். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு செய்ததைத்தான் அவர்கள் ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள்.

சேவையின் வர்ணனையாளர்கள் அந்த இடத்தில் தவறிவிட்டார்கள். காற்றுத் திரும்பப்போகிறது என்பதும், முன்னணி அணிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் தலைவரை முன்னே கொண்டுவருகின்றன என்பதும் கூட்டம் அறுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே படத்தில் தெரிந்தன. அவர்களோ அந்தப் பத்து நிமிடமும் முந்திய வருடங்களின் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அறுந்த பிறகு கூச்சல் போட்டார்கள். நீண்ட நேரத்தை விற்கும் சேவைக்கு அந்த நேரத்தைப் பார்க்கத் தெரிந்த வர்ணனையாளர்தான் வேண்டும். அந்த இருவரில் ஒருவர் முன்னாள் போட்டியாளர். மலைக் கட்டங்களில் அவர் பேசியது நன்றாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். யார் எந்தப் பல்லில் செயினைப் போட்டிருக்கிறார், யாருடைய தோள் ஆடத் தொடங்குகிறது, யார் தண்ணீர்ப் போத்தலை எடுக்காமல் விடுகிறார் என்று அவர் சுட்டிக்காட்டிய பின்புதான் எனக்குக் கண் திறந்தது. தமிழில் வர்ணனை இல்லை. அதை எதிர்பார்க்கவும் இல்லை. வர்ணனையை நிறுத்திவிட்டு வீதியின் ஓசையை மட்டும் கேட்கும் வசதி இந்தச் சேவையில் உண்டு. செயலியின் மூன்றாவது பக்கத்தில் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்த பிறகு சமதரைக் கட்டங்களை அப்படியே பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட செயின்கள் ஒன்றாக ஓடும் சத்தம், தூரத்தில் பெய்யும் மழைபோல இருக்கும். அம்மாவுக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் அவருடைய சந்தேகம் வேறு.

“ஏன் மனே, இவங்களுக்கு இடுப்பு நோகாதா? கரியர் இல்ல, மணி இல்ல, மட்காட் இல்ல. இது என்ன சைக்கிள்?”

ஒன்பதாம் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் என்னுடைய பெரிய மனக்குறை அங்கேதான் பிறந்தது. ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. சினோனில் இருந்து சாத்தோரூவுக்கு 174 கிலோமீற்றர். முழுக்கத் தட்டை. இப்படியான நாளில் கடைசியில் வேகக்காரர்கள் மோதுவார்கள், அதுவரைக்கும் தூங்கலாம் என்பது பொது அபிப்பிராயம். தங்கையின் மகனும் அதைத்தான் சொன்னான்: “மாமா, இண்டைக்கு ஒண்டும் நடக்காது. எட்டு மணிக்கு வாறன்.” கொடி அசைந்த உடனேயே மத்தியூ வான் டெர் பூலும் அவருடைய அணித் தோழர் யோனஸ் ரிக்கார்ட்டும் இருவராகப் பிரிந்து முன்னே ஓடினார்கள். இவர்களுக்குப் பின்னால் எல்லா அணிகளும். ஒருவர் பின்னே ஒருவர் ஒட்டி ஓடும்போது பின்னால் வருபவர் வெட்டும் காற்று வெகுவாகக் குறையும். பெரிய கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் குறையும். ஆகவே இரண்டு பேர் இத்தனை பேரை நாள் முழுவதும் வெல்வது கணக்கின்படி நடக்காத காரியம். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் மாறி மாறி முன்னால் நின்று மிதித்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தால் இதில் ஒரு நாடகம் மெல்ல மெல்ல விரிவது தெரியும். திரையின் மூலையில் இருக்கும் இரண்டு எண்கள் மட்டுமே பேசும்: இன்னும் எத்தனை கிலோமீற்றர், இடைவெளி எத்தனை நிமிடம். ஐந்து நிமிடத்தைத் தாண்டிப் போன இடைவெளி, நான்கு, மூன்று என்று தேயும். ரிக்கார்ட் முன்னால் நிற்கும் முறை வரவரக் குறுகும். வான் டெர் பூல் ஒன்றும் சொல்லாமல் தன் முறையை நீட்டிக்கொள்வார். தோழனுக்கு இயலாமல் வருகிறது என்பதை அவர் எந்த நிமிடத்தில் உணர்ந்தார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கடைசி ஐந்தாறு கிலோமீற்றரில் ரிக்கார்ட் விலகிக்கொள்ள, வான் டெர் பூல் தனித்து ஓடினார். எல்லைக்கோட்டுக்கு 700 மீற்றர் இருக்கையில் கூட்டம் அவரை விழுங்கியது. ரிம் மெர்லியர் கட்டத்தை வென்றார். அந்த நாளின் சராசரி வேகம் மணிக்கு 50.013 கிலோமீற்றர். டூர் வரலாற்றில் மிக வேகமான கட்டங்களில் ஒன்று. ஒன்றும் நடக்காத நாள்!

இனிக் குறைக்கு வருகிறேன். ரிக்கார்ட் விலகிய அந்த இடத்தை நான் நேரடியாகப் பார்க்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு கார் விளம்பரமும், அதன்பின் ஒரு சூதாட்ட நிறுவனத்தின் விளம்பரமும் காட்டப்பட்டன. மீண்டும் படம் வந்தபோது வான் டெர் பூல் தனியே ஓடிக்கொண்டிருந்தார். மூன்று மணித்தியாலமாக நான் காத்திருந்தது அந்தக் கணத்துக்காகத்தான். சந்தா வாங்கும்போது ‘விளம்பரக் குறுக்கீடு குறைவு’ என்று எழுதியிருந்தார்கள். குறைவு என்பது உண்மைதான். ஆனால் அவை எங்கே விழுகின்றன என்பதை எந்த மனிதனும் பார்ப்பதில்லை என்றே நினைக்கிறேன். நிமிடக் கணக்கில் விழும்படி இயந்திரத்திடம் விட்டிருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் இடைவேளை இருக்கிறது, கிரிக்கெட்டில் ஓவர் முடிகிறது. இந்த ஓட்டத்தில் இடைவேளை கிடையாது. எங்கே வெட்டினாலும் உயிரோடுதான் வெட்டவேண்டும். அப்படியிருக்க, வெட்டும்போது மூலையில் சிறிய பெட்டியாகப் படத்தைத் தொடரவிட்டிருக்கலாம்.

படத்தின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. எங்கள் வீட்டு இணைப்பில் நடுத்தரத் தரத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 8 ஜிபி போனது. கைப்பேசி டேட்டாவில் முழுப் போட்டியையும் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். இரண்டு தடவை மின்சாரம் நின்று திரும்பி வந்தபோது விட்ட இடத்தில் இருந்தே தொடர்ந்து ஓட்டியது. அது நல்ல வசதி. கைப்பேசித் திரையில் மூலையில் இருக்கும் எண்கள் எறும்பு அளவுக்கு இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டுப் பார்ப்பதே நல்லது.

மலைக் கட்டங்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் பாலம்தான். ஆனாலும் 16ஆம் கட்டத்தில் மொன் வந்தூ மலையின் வெளிறிய சுண்ணாம்புக்கல் வெளியை உலங்குவானூர்தி சுற்றிக் காட்டியபோது, 1967இல் அந்த ஏற்றத்திலே உயிரை விட்ட ஆங்கிலேய வீரர் ரொம் சிம்சனின் நினைவுக்கல் வீதியோரத்தில் தோன்றி மறைந்தது. வர்ணனையாளர்கள் அந்த இடத்தில் சில செக்கன்கள் பேசாமல் இருந்தார்கள். மூன்று வாரத்தில் அவர்கள் செய்த மிகச் சிறந்த வர்ணனை அதுவே.

அடுத்த பெரிய குறை 18ஆம் கட்டத்தில். ஜூலை 24 ஆடி அமாவாசை. மாமாங்கத் தீர்த்தம். அப்பாவுக்காக விரதம் இருந்து, காலையில் மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடி, கோயிலில் கூட்டத்தோடு நின்று, வீட்டுக்கு வந்த உறவினர்களுக்கு இலை போட்டு, அவர்களை அனுப்பிவைத்த பின்பு என்னால் கண் விழித்திருக்க முடியவில்லை. பரவாயில்லை, பதிவு இருக்கிறதே, விடியப் பார்க்கலாம் என்று எல்லாக் கைப்பேசிகளையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். அன்றைக்கு வீஃப் என்ற ஊரில் இருந்து லோஸ் கணவாய்க்கு 171.5 கிலோமீற்றர், மூன்று மாபெரும் ஏற்றங்கள், முடிவிடம் 2,304 மீற்றர் உயரத்தில். நுவரெலியா நகரத்தைவிட 400 மீற்றருக்கு மேல் உயரமான இடத்தில் எல்லைக்கோடு. போட்டியின் மிகக் கடினமான நாள் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். காலையில் தேநீரோடு உட்கார்ந்து செயலியைத் திறந்தேன். முதற் பக்கத்தில், விரல் நீளத்துக்குப் பெரிய படமாக, அவுஸ்திரேலிய வீரர் பென் ஓகொனர் இரு கைகளையும் விரித்து எல்லைக்கோட்டைக் கடந்துகொண்டிருந்தார். கீழே பெயரும் எழுதியிருந்தது.

ஐந்து மணித்தியாலக் கட்டம் ஒன்றின் பதிவை விற்பவர்கள், அதன் முடிவைக் கடை வாசலில் தொங்கவிடக் கூடாது. முடிவை மறைத்துக் காட்டும் தெரிவு ஒன்று அமைப்புகளில் இருப்பதாகப் பின்னர் கண்டேன். அதைப் போட்டும் வைத்தேன். கட்டங்களின் பட்டியலில் அது மறைத்தது. முதற் பக்கத்துப் படங்களை மறைக்கவில்லை. பிறகு அம்மாதான் எனக்காகச் செயலியைத் திறந்து, பதிவை எடுத்துத் தரும் பொறுப்பை ஏற்றார். அவருக்கு யார் வென்றாலும் ஒன்றுதான்.

நல்லதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அடுத்த நாள் 19ஆம் கட்டம் லா பிளான் மலைக்கு. வழியில் சேசி கணவாய்ப் பக்கத்தில் மாடுகளுக்குத் தோல் முழுவதும் கட்டி கட்டியாக வரும் தொற்றுநோய் கண்டு, மந்தை ஒன்றை அழிக்கவேண்டி வந்ததால், அமைப்பாளர்கள் அந்தப் பகுதியை விலக்கிக் கட்டத்தில் 30 கிலோமீற்றருக்கு மேல் குறைத்து, தொடங்கும் நேரத்தையும் பிந்த வைத்தார்கள். சேவை இந்த மாற்றத்தை உடனே அறிவித்தது. புதிய வழியின் வரைபடத்தையும் போட்டது. அந்த அறிவிப்பில் மட்டும் நேரம் இலங்கை நேரத்திலேயே வந்தது. அவர்களால் முடியும் என்பது அதில் தெரிந்தது. அன்றைய முன்னோட்டத்தில், அந்த மலையில் மாடு வளர்ப்பவர்களின் துயரத்தைப் பற்றியும் நிதானமாகப் பேசினார்கள். அதே நோயால் இங்கேயும் மாடு சாகக் கண்டவர்கள் இருக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், அந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

மலை நாட்களில் இன்னும் ஒரு குறை இருந்தது. வென்றவர் கோட்டைத் தாண்டிய சில நிமிடத்தில் சேவை வீதியை விட்டுப் பேச்சு மேசைக்குத் திரும்பிவிடும். ஆனால் போட்டி அப்போது முடிவதில்லை. மலையேற இயலாத கனத்த வேகக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, வென்றவரின் நேரத்தில் இருந்து கணக்கிடும் காலவரையறைக்குள் வந்து சேரப் போராடுவார்கள். பிந்தினால் மறுநாள் ஓட இடமில்லை. புள்ளிக் கணக்கில் முன்னிற்பவர் போடும் பச்சை ஆடைக்குரியவரான இத்தாலியின் ஜொனத்தன் மிலான் ஒவ்வொரு மலையிலும் இப்படித்தான் தப்பினார்; தப்பியதால்தான் பாரிஸ்வரை அந்த ஆடையைக் கொண்டுபோனார். மொத்த வரிசையில் கடைசியாக இருப்பவரைப் பிரெஞ்சுக்காரர் ‘சிவப்பு விளக்கு’ என்று அழைப்பார்கள். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கில் இருந்து வந்த பெயர். இரவு மெயில் ரயிலுக்கு மட்டக்களப்பு நிலையத்தில் ஆட்களை ஏற்றிவிட்டு, அந்தச் சிவப்பு வெளிச்சம் மறையும்வரை நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. சேவை அந்த விளக்கு வரும்வரை நிற்பதில்லை.

கடைசி நாள், பாரிசில் வழமையான ஊர்வலத்துக்குப் பதிலாக மொன்மார்த் குன்றின் கல்பாவிய ஏற்றத்தை மூன்று தடவை சேர்த்திருந்தார்கள். மழை. வழுக்கும் ஆபத்துக்காக மொத்த நேரக் கணக்கை முன்கூட்டியே நிறுத்திவிட்டபோதிலும் பொகாச்சர் விடாமல் தாக்கினார். வவுட் வான் ஆர்ட் கடைசி ஏற்றத்தில் அவரைக் கழற்றிவிட்டு வென்றார். இங்கே இரவு பதினொரு மணி. விளம்பரம் ஒன்றுகூடக் குறுக்கே வரவில்லை.

அதே சந்தாவுக்குள் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 3 வரை ஒன்பது கட்டங்களாக நடந்த பெண்கள் போட்டியும் அடங்கியிருந்தது. அதை நான் முன்கூட்டி எண்ணவில்லை. மொரீசியஸ் தீவின் கிம் லு கோர்ட் அதில் ஒரு கட்டத்தை வென்று, மஞ்சள் ஆடையும் அணிந்தார். எங்கள் இந்து சமுத்திரத்தின் மறுகரையில், தமிழர்களும் வாழும் ஒரு சிறு தீவில் இருந்து சென்றவர் அந்த ஆடையில் நிற்பதைப் பார்த்தபோது, ஆண்கள் போட்டியின் 21 நாட்களிலும் எழாத ஒரு பரபரப்பு எனக்கு எழுந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிரான்சின் பவுலின் ஃபெரான்-பிரேவோ மொத்தத்தில் வென்றார். சேவை இந்தப் போட்டிக்குக் கட்டத்தின் பிற்பகுதியை மட்டுமே காட்டியது. வர்ணனைக்கும் ஒருவரையே விட்டிருந்தது.

தீராத கணக்கு இதுதான். ஆகஸ்ட் முதலாம் திகதி சந்தாவை நிறுத்தும்படி அழுத்தி, ‘நிறுத்தப்பட்டது’ என்ற மின்னஞ்சலும் பெற்றேன். 5ஆம் திகதி அடுத்த மாதத்துக்கான பணம் அட்டையில் இருந்து கழிந்திருந்தது. வெளிநாட்டுக் கொடுப்பனவு என்று வங்கியும் தன் பங்கை எடுத்தது. எழுதிக் கேட்டேன். மூன்று தடவையும், என் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட ஒரே கடிதம் வந்தது. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலையே படமாக எடுத்து இணைத்து நான்காவதாக எழுதியிருக்கிறேன். ஆகவே சந்தா கட்டுபவர்கள், நிறுத்தும் நாளை ஒரு வாரம் முன்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; நிறுத்திய பின்பும் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். சர்வதேசக் கொடுப்பனவை அட்டையில் மூடிவைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், படத்துக்கும் பதிவுகளுக்கும் நான்கு, செயலிக்கு இரண்டு, விளம்பரம் விழும் இடத்துக்கு ஒன்று. அப்படியிருந்தும் அடுத்த வருடமும் பணம் கட்டுவேன். அந்த நீண்ட நேரத்தை எனக்குத் தருவதற்கு வேறு வழி இல்லை. 2026 போட்டி ஜூலை 4ஆம் திகதி பார்சலோனாவில் அணிகளுக்கான நேர ஓட்டத்தோடு தொடங்கி 26இல் முடிகிறது. பெண்கள் போட்டி ஆகஸ்ட் 1 முதல் 9 வரை, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்தில் தொடங்குகிறது. இந்த வருடம்போல ஒரு மாதச் சந்தாவுக்குள் இரண்டும் அடங்காது. இரண்டாவது மாதத்துக்கான பணத்தை அவர்கள் ஏற்கெனவே என்னிடம் இருந்து எடுத்துவிட்டார்கள் என்பதை நான்காவது கடிதத்தில் குறிப்பிட்டு, அதையே அடுத்த ஆகஸ்டுக்கு வரவு வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன்.